மூன்றாம் நாடாவும் இரண்டாம் ஆளும்: காஞ்சிபுரக் கோர்வைத் தறியில் தேவை வரையறையின் வரலாறு

முன்னுரை

ஒரு கருவியை உருவாக்குவதற்கு முன், அது எப்பணியை, யாருக்காக, எக்கட்டுப்பாடுகளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என வரையறுப்பது அமைப்புப் பொறியியலின் முதற்படியாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தனித்துறையாக உருப்பெற்ற இவ்வியல், தேவையையும் தீர்வையும் பிரித்துக் காண வலியுறுத்துகிறது. அப்பெயர் வழக்கிற்கு வருமுன்பே கைத்தறியைச் சீர்திருத்த முனைந்தோர் இச்சிக்கலை எதிர்கொண்டனர். காஞ்சிபுரக் கோர்வைத் தறியில் நெசவாளருக்குத் துணையாக அமரும் இரண்டாம் ஆளின் பணி, தறிச் சீர்திருத்தங்களிலும் சட்டத்திலும் எவ்வாறு கருதப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோர்வையின் இயல்பு

பட்டுப் புடவையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிற ஊடைகளால் நெய்து இணைப்பது கோர்வை. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் இதில் இயங்குகின்றன. உடலின் ஊடையிழை கரையின் எல்லைவரை சென்று, கரையின் ஊடையிழையோடு பிணைந்து திரும்புகிறது. கோபுரக் கரை எனப்படும் முக்கோண வரிசை, இரு நிறங்களும் சந்திக்கும் இவ்விடத்திலேயே அமைகிறது. குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரே மூன்று நாடாக்களையும் கையாள்வது அரிது. ஆகவே, ஒரு பக்கக் கரையின் நாடாவை எறிய மற்றொருவர் வேண்டும்.

பறக்கும் நாடா

இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் காப்புரிமை பெற்ற பறக்கும் நாடா, அகலத் துணி நெய்ய இருவர் வேண்டும் என்ற நிலையை மாற்றியது. அங்கே இரண்டாம் ஆள் இருந்ததற்குக் காரணம் துணியின் அகலம். கயிற்றை இழுத்தால் நாடா ஒரு முனைப் பெட்டியிலிருந்து மறுமுனைப் பெட்டிக்கு ஓடியதால் அவ்வாள் தேவையற்றவரானார்.

சென்னைக் கலைப்பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த இ. பி. ஹாவெல் பின்னாளில் இக்கருவியை இந்திய நெசவாளர்க்குப் பரிந்துரைத்தார். ஆல்பிரட் சாட்டர்டன் 1906-இல் சேலத்தில் அரசு நெசவுச்சாலையைத் தொடங்கிச் சோதனை செய்தார். அரசு நேரடியாகத் தொழில் நடத்துவதை இந்தியச் செயலர் மார்லி ஏற்காமையால் 1910-இல் அம்முயற்சி முடிவுற்றது. எனினும் பருத்தி நெசவில் பறக்கும் நாடா தொடர்ந்து பரவியது. பி. ஜே. தாமஸ் தலைமையிலான உண்மையறியும் குழு 1942-இல் அறிக்கை அளித்தபோது, சென்னை மாகாணத் தறிகளில் பெரும்பகுதி அதற்கு மாறியிருந்தது.

கோர்வைத் தறிக்கு அது பொருந்தவில்லை. பறக்கும் நாடா ஒரே நிற ஊடையை விளிம்பு முதல் விளிம்பு வரை கொண்டு செல்லும். கோர்வையிலோ ஊடை கரையின் எல்லையில் நின்று திரும்ப வேண்டும். இங்கே இரண்டாம் ஆள் இருப்பதற்குக் காரணம் அகலமன்று, நிறம். புதுமையை ஏற்காத நெசவாளரைப் பழமைப்பற்று உடையவர் எனக் கூறும் போக்கு காலனியப் பதிவுகளில் உண்டு. கோர்வையைப் பொறுத்தவரை அவ்விளக்கம் போதாது. விரைவைத் தேவையாகக் கொண்ட கருவி, இழைப்பிணைப்பைத் தேவையாகக் கொண்ட தறிக்கு முன்வைக்கப்பட்டது.

ஜக்கார்டு தரும் ஒப்புமை

பிரான்சின் லியோன் நகரில் 1804-இல் உருவான ஜக்கார்டு பொறி காஞ்சியில் வேறு வரவேற்பைப் பெற்றது. முன்பு அடை முறையில், புட்டாவுக்கும் கரை வேலைக்கும் உரிய பாவிழைகளைக் கயிறுகளால் தூக்கித் தர உதவியாள் வேண்டியிருந்தது. துளையிட்ட அட்டைகளும் நெசவாளரின் மிதியும் அப்பணியை ஏற்றன. கருவி ஏற்ற பணியும் தறிக்குத் தேவைப்பட்ட பணியும் ஒன்றாக இருந்தமையால் ஜக்கார்டு நிலைத்தது. மூன்றாம் நாடாவை எறியும் பணி மட்டும் மனிதக் கைக்கே எஞ்சியது.

எஞ்சிய பணியும் குழந்தைகளும்

அக்கை பல வீடுகளில் குழந்தையின் கையாக இருந்தது. தொழில் பயிலுதல் என்ற பெயரிலும், முன்பணக் கடனுக்கு ஈடாகவும் சிறார் தறியருகே அமர்த்தப்பட்டனர். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரப் பட்டுத்தொழிலில் நிலவிய கொத்தடிமைக் குழந்தை உழைப்பைப் பதிவு செய்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைசெய்யப்பட்ட பணிகளுள் சேர்த்தது. ஆயினும் குடும்பத்தினர் துணையுடன் நடக்கும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. வீடே பட்டறையாக உள்ள ஊரில் அவ்விலக்கின் பரப்பு பெரிது. சட்டம் குழந்தையின் கையை விலக்க முயன்றதே ஒழிய, அக்கை செய்த பணிக்கு மாற்று எது என்பது தறியின் தேவையாக வரையறுக்கப்படவில்லை.

குழந்தைகள் பள்ளிக்குச் சென்றது பெரும் பேறு. ஆயினும் காலியான இடத்தைப் பல வீடுகளில் பெண்கள் நிரப்புகின்றனர். கூலி புடவைக் கணக்கில் வழங்கப்படுவதால் அவர்தம் உழைப்பு தனியே மதிக்கப்படுவதில்லை. மற்றொருபுறம், ஒருவரே நெய்யத்தக்க, உடலுக்கும் கரைக்கும் ஒரே ஊடை ஓடும் புடவைகள் பெருகியுள்ளன.

முடிவுரை

பறக்கும் நாடா, ஜக்கார்டு, குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கும்போது, இரண்டாம் ஆள் ஏன் அங்கே அமர்ந்திருக்கிறார் என்ற வினாவே அவற்றின் விளைவுகளை வேறுபடுத்தியமை புலனாகிறது. ஒருவரே இயக்கும் கோர்வைத் தறியை உருவாக்க முனைவோர், ஊடைதோறும் நிகழும் பிணைப்பையும் இரு கரைகளின் சீரான இழுவிசையையும் மட்டுமன்றி, இரண்டாம் ஆளுக்குரிய கூலியையும் தேவைப் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். அப்பட்டியலை எழுதும்போது பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் அமர்ந்திருப்பவரோடு, அவருக்கு அருகே நாடா எறிபவரையும் கேட்பது இன்றியமையாதது.