அச்சு: ஈயத்தின் இரு வழிகள்

தமிழில் 'அச்சு' என்ற சொல்லுக்குப் பொருள் பல. தேரின் அச்சும் அதுவே. புத்தகத்தின் அச்சும் அதுவே. உலோகத்தை உருக்கி ஊற்றும் வார்ப்பச்சும் அதுவே. கவிஞர்களாகிய நமக்கு அச்சு என்றவுடன் நினைவுக்கு வருவது எழுத்துத்தான். நம் பாடல் அச்சேறியது என்னும் மகிழ்ச்சியை அறியாதார் இம்மன்றத்தில் இலர். ஆயின், அதே ஈயத்தை, அதே வகைக் கருவியால், மனிதன் வேறொரு வடிவிலும் வார்த்து வந்திருக்கிறான். துப்பாக்கிக் குண்டு என்பது அதன் பெயர். வீட்டு அடுப்பங்கரையிலேயே குண்டு வார்த்துக்கொண்ட அமெரிக்க மக்களின் வார்ப்பச்சுகள் காலந்தோறும் உருமாறிய வரலாறு, வடிவம் என்பதைப் பற்றிச் சிந்திப்போர் அறியத்தக்கதாகும்.

சுழல்துப்பாக்கி தோன்றுமுன் இருந்த நிலையை முதலில் காண்போம். 18ஆம் நூற்றாண்டில் துப்பாக்கிகள் கைவினைஞரால் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டன. ஒரு குழலின் துளையளவு மற்றொன்றோடு முற்றும் ஒத்திராது. எனவே துப்பாக்கியைச் செய்த கொல்லரே அதற்கேற்ற வார்ப்பச்சு ஒன்றையும் செய்து உடன் கொடுப்பது வழக்கம். இடுக்கி போன்ற இரு கைகள். அவற்றின் முனையில் அரைக்கோளக் குழிகள் இரண்டு. மூடினால் ஒரு முழு உருண்டை. அச்சு தொலைந்தால், பொருந்தும் குண்டைத் தேடுவது பெரும்பாடாகிவிடும். இரும்பில் மட்டுமன்றி, மாக்கல்லில் குடைந்த அச்சுகளும் அந்நாளில் வழங்கின. அச்சின் குழியைக் குடையும் வெட்டுளிக்குச் 'செர்ரி' என்று பெயர். பழம்போல் உருண்டு இருந்ததால் வந்த பெயர் அது. இன்று குண்டுகள் நீண்டு உருமாறிய பின்னும் உளியின் பெயர் மட்டும் பழமாகவே நிற்கிறது. சொற்கள் பொருளைவிட நீண்ட ஆயுள் உடையன என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வீட்டு வார்ப்பின் வரலாற்றில் நெஞ்சைத் தொடும் ஏடு ஒன்று உண்டு. 1776 ஜூலை 9ஆம் நாள், விடுதலைச் சாற்றுரை வாசிக்கப்பட்டதைக் கேட்ட நியூயார்க் மக்கள், அந்நகரில் நின்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தனர். பொன்முலாம் பூசிய ஈயச்சிலை அது. அதன் துண்டுகளுள் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்தின் லிட்ச்ஃபீல்டு ஊருக்குச் சென்றது. அங்கே ஆலிவர் வுல்காட் என்பாரின் வீட்டில் பெண்களும் சிறுவர்களும் அதை உருக்கிக் குண்டாக்கினர். யார் எத்தனை செய்தனர் என்று அவர் கணக்கெழுதி வைத்தார். அவருடைய மகள் லாரா 8,378. மற்றொரு மகள் மேரி ஆன் 10,790. பத்து வயது நிரம்பாத மகன் ஃபிரெடரிக் 936. அண்டை வீட்டு ரூத் மார்வின் 11,592. மொத்தம் 42,088. அரசனின் திருவுரு அரசனின் படைமீதே திரும்பிற்று. இதனை வீரக்கதையாக மட்டும் பார்ப்பது எளிது. இது ஒரு வீட்டின் கதையும் ஆகும் என்பதை மறக்கலாகாது.

அச்சில் இரு குழிகள்

1836ஆம் ஆண்டு சாமுவேல் கோல்ட் தம் சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவருடைய சாதனை, ஒரு துப்பாக்கி பலமுறை சுடும் என்பது மட்டுமன்று. இயந்திரங்களைக் கொண்டு ஒன்றுபோல் ஒன்றாகப் பல்லாயிரம் செய்தார் என்பதே பெரிது. 1850க்குப் பின் வெளிவந்த 'நேவி' வகை மட்டும் இரண்டு இலட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது. அதனால் அச்சின் நிலையும் மாறிற்று. ஒரு துப்பாக்கிக்கு ஓர் அச்சு என்ற உறவு அறுந்தது. ஓர் அளவுக்கு ஓர் அச்சு என்ற புதுமுறை வந்தது.

கோல்ட் துப்பாக்கியோடு பெட்டியில் வைத்துத் தரப்பட்ட அச்சில் பெரும்பாலும் இரண்டு குழிகள் இருக்கும். ஒன்று உருண்டைக்கு; மற்றொன்று கூம்புக் குண்டுக்கு. நேவி வகையின் உருண்டை ஏறத்தாழ 5 கிராம் எடை. கூம்பு அதனினும் கனம் மிக்கது. மேலே ஒரு தட்டு கீலில் சுழலும். ஊற்றுவாயில் எஞ்சி உறையும் ஈயத்தைத் துண்டிக்க அது பயன்படும். கூம்பு தொலைவு செல்லும். ஆயின் அறையில் நேராக அமர வேண்டும், சாய்ந்தால் குறி தவறும். உருண்டைக்கோ எப்பக்கமும் ஒருபக்கமே. அது சாய்வது என்பதே இல்லை. ஆகவே புதுமையான கூம்பு வந்த பின்னும் பழைய உருண்டையைப் பலர் கைவிடவில்லை. மரபும் புதுமையும் ஒரே அச்சில் அருகருகே குழிகளாக இருந்தன. தேர்வு, வார்ப்பவன் கையில் இருந்தது.

அதே 1851ஆம் ஆண்டில் இலண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் என்பார் வேறொரு சுழல்துப்பாக்கியை அமைத்தார். கோல்ட் துப்பாக்கியில் குண்டை அறைக்குள் அழுத்தித் திணிக்க நெம்புகோல் உண்டு. ஆடம்ஸின் தொடக்க அமைப்பில் அது இல்லை. விரலால் தள்ளி வைக்கும் குண்டு நழுவாதிருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. எனவே அவருடைய அச்சில், குண்டின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு முள் வருமாறு குழி அமைந்தது. அம்முள்ளில் கம்பளிப் பஞ்சு வில்லை ஒன்று செருகப்படும். பின்னர் நெம்புகோல் வந்து சேர்ந்ததும் முள்ளின் தேவை குறைந்தது. அச்சைப் பார்த்தே துப்பாக்கியின் குறையையும் நிறையையும் சொல்லிவிடலாம் என்பதற்கு இந்த முள் ஒன்றே போதும்.

தோட்டா வந்த பின்

உலோகத் தோட்டா பரவியதும் வீட்டு வார்ப்பு மறைந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. 1869இல் ரோலின் ஒயிட்டின் காப்புரிமை காலாவதியாயிற்று. 1873இல் கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற தோட்டாத் துப்பாக்கி வந்தது. ஆனால் கடை தொலைவிலும் காசு அரிதாகவும் இருந்த மேற்குப் புலங்களில், வெடித்த பித்தளைக் கூட்டை எறிய மனம் வருமா? அதையே மீண்டும் நிரப்பினர். 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய 'ஐடியல்' நிறுவனம் இதற்கென்றே இடுக்கிக் கருவிகளைச் செய்தது. அவற்றுள் சிலவற்றில் முனையிலேயே வார்ப்பச்சும் அமைந்திருக்கும். ஒரு பட்டறையே சட்டைப்பைக்குள் அடங்கிற்று.

தோட்டாவுக்கேற்பக் குண்டின் உடலும் மாறிற்று. பழைய வகை சிலவற்றில் குண்டு கூட்டின் புறவளவே பருத்து, அடி மட்டும் சிறுத்து உள்ளே செருகப்பட்டது. கொழுப்புப் பூச்சு வெளியே இருந்தமையால் தூசியும் மணலும் ஒட்டின. பின்னர்க் குண்டே சிறுத்துக் கூட்டினுள் அமர்ந்தது. கொழுப்புக்கென உடலைச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டப்பட்டன. புகையற்ற மருந்து வேகத்தைக் கூட்டியதும், குண்டின் அடி உருகாதிருக்கச் செம்புக் கிண்ணம் ஒன்று பொருத்தும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதற்கேற்ற படியொன்று அச்சின் அடியில் ஏறியது. தாளில் குறிபார்ப்போர், கிழிசல் இன்றி வட்டமாகத் துளை விழ வேண்டுமென்று விரும்பினர். அவர்களுக்காக மூக்கே இல்லாத தட்டை முகக் குண்டு வந்தது.

இந்த அச்சுகளுக்கு எண்களே பெயர். 429421 என்றால், முதல் மூன்று இலக்கம் குண்டின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் 429 பங்கு. அடுத்த மூன்றும் வடிவத்தின் வரிசை எண். இவ்வெண்ணுக்குரிய குண்டை வடிவமைத்தவர் எல்மர் கீத் என்னும் மாட்டுப் பண்ணையாளர். தட்டை மூக்கு, கூர்மையான தோள், சம அகலமான மூன்று பட்டைகள், ஆழ்ந்த பள்ளம் என்பன அவர் 1920களில் வகுத்த இலக்கணம். பிற்காலத்தில் உற்பத்தியாளர்கள் பள்ளத்தின் மூலையை வளைத்தும் பட்டையின் அகலத்தைக் குறைத்தும் மாற்றியபோது, அது தம் வடிவம் அன்று என்று அவர் கடிந்துரைத்தார். தம் பாட்டில் ஒரு சீரை மாற்றி அச்சிட்ட பதிப்பாசிரியர்மேல் புலவர்க்கு எழும் சினத்தை நாம் அறிவோம். அவருடைய சினமும் அவ்வினத்ததே.

அச்சின் உலோகமும் வேறுபடும். இரும்பு உழைக்கும், ஆனால் துருப்பிடிக்கும். பித்தளை சூட்டை நெடுநேரம் தாங்கி வைத்திருக்கும். அலுமினியம் இலேசானது, விரைந்து சூடேறுவது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதுவே விலைமலிந்து எளியோர் கைக்கு எட்டியது.

எழுத்தும் குண்டும்

தூய ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், மிக மென்மையானது. வெள்ளீயம் சேர்த்தால் குழியின் நுணுக்கங்களை நன்கு நிரப்பும். ஆண்டிமனி சேர்த்தால் கடினமாகும். இதே மூன்று உலோகங்களே அச்செழுத்துக்கும் உரியவை. வரி வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் உலோகம் ஈயம் 84, வெள்ளீயம் 4, ஆண்டிமனி 12 என்னும் விழுக்காட்டில் அமைந்தது. 1970களில் அமெரிக்க நாளிதழ்கள் சுடுஈய அச்சைக் கைவிட்டன. நியூயார்க் டைம்ஸ் இதழ் 1978 ஜூலையில் கைவிட்டது. அப்போது பழைய அச்சகங்களின் ஈயம், குண்டு வார்ப்போரின் உருக்குக் கலங்களுக்குப் பெருமளவில் சென்றது. நேற்று செய்தியாய், கவிதையாய், இரங்கற்குறிப்பாய் நின்ற வரிகள் குண்டுகளாயின.

ஈயம் எதிர்த்திசையிலும் பயணம் செய்ததுண்டு. 1713இல் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாய் இருந்தமையால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். அதற்கு இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத்தகடு பயன்பட்டது என்பது அச்சு வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. உணவைப் பொதிந்த ஈயம் எழுத்தாயிற்று. எழுத்தாய் நின்ற ஈயம் குண்டாயிற்று. ஈயத்திற்கு இதில் விருப்பு வெறுப்பு இல்லை. குழி எவ்வுருவோ அவ்வுரு கொள்வதே அதன் இயல்பு.

எனினும் இவ்விரு அச்சுகளுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. குட்டன்பர்க் காலந்தொட்டு வந்த எழுத்துவார்ப்புக் கைக்கருவி அகலம் மாற்றத்தக்கது. குறுகிய எழுத்துக்குக் குறுகும், அகன்ற எழுத்துக்கு அகலும். வெவ்வேறானவை ஒரு வரியில் இசைந்து நிற்பதற்காகவே அது பிறந்தது. குண்டின் அச்சோ மாறாதது. ஒன்றுபோலவே மற்றொன்றும் இருத்தல் ஒன்றே அதன் வேலை. எழுத்து அச்சில் பதிந்த பின்னும் எஞ்சி, கலைத்து அடுக்கினால் இன்னொரு சொல்லாகும். சுடப்பட்ட குண்டு நசுங்கி அழியும்.

வடிவத்தைக் கையாளும் நமக்கு இதில் கருதிப் பார்க்க ஒன்று உண்டு. கட்டளைக் கருவி நல்லதாக இருத்தல் மட்டும் போதாது. வார்ப்புத் திருத்தமாய் அமைவதில் கைவினைஞனுக்கு எழும் மகிழ்ச்சி, எழுத்துக்கும் குண்டுக்கும் பொதுவானதே. எங்கே போய்ச் சேரும் என்ற வினாவே இரண்டையும் பிரிக்கிறது. வுல்காட்டின் ஏட்டில், வார்த்தவர் பெயர்களும் வார்த்த எண்ணிக்கையும் பிழையின்றி உள்ளன. கூட்டினால் 42,088 சரியாகவே வருகிறது. அக்குண்டுகள் எவரெவரைத் தைத்தன என்பதற்கு அவ்வேட்டில் ஒரு வரியும் இல்லை.