கால்வாய்க் கரையிற் பிறந்த திருச்சபை

மரக்காணத்து உப்பளங்களை அறியாதார் நம் சங்கத்து அன்பர்களுள் அரியர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. இந்நெய்தல் நிலத்தில், வெயிலும் உவர்நீருமே முதலாகக் கொண்டு, பாத்திகளில் நின்று உப்பு வாருவோர் வாழ்ந்து வருகின்றனர். இதன் மருங்கே வந்து முடிவதே பக்கிங்காம் கால்வாய். சென்னையிலிருந்து தெற்கே இவ்வூர்காறும் ஏறத்தாழ 103 கிலோமீட்டரும், வடக்கே கிருஷ்ணைப் பக்கம் நோக்கி 300 கிலோமீட்டருக்கு மேலும் அது நீண்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஓடிய வழக்கு இக்காலத்து ஒழிந்தது. எனினும் அக்கால்வாயின் வடபாற் கரையில் நிகழ்ந்த வரலாறு ஒன்று நம்மவர் அறியற்பாலது.

பஞ்சகாலத்திற் கிறிஸ்து சமயம் புகுந்தோரைக் 'கஞ்சிக்குச் சமயம் மாறியவர்' என்று இகழ்வது நம் நாட்டிற் பழகிப்போன வசை. உறவினருள் ஒரு சாரார் கோயிலுக்கும் மற்றொரு சாரார் தேவாலயத்துக்கும் செல்லும் குடும்பங்களில் இவ்வசை எத்துணைப் புண் செய்யும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அது மெய்தானோ என்பதை ஆண்டும் எண்ணும் கொண்டு ஆராய்வாம்.

1876-இல் பருவமழை பொய்த்தது. முதியோர் தாது வருஷப் பஞ்சம் என வழங்கிய அக்கொடுமை 1878 வரை நீடித்தது. மாண்டோர் தொகை ஐம்பது லட்சத்துக்கும் மேற்படும் என்பர். 1877-இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்பாரின் யோசனைப்படி, நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓரணாவுமே கூலியாயிற்று. மருத்துவ அதிகாரி கார்னிஷ் முதலானோர் கண்டித்த பின்னரே அது உயர்ந்தது. அந்நாளில் கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயராலேயே, பசித்தோர் கையால் வெட்டப்பட்ட கால்வாய் வழங்கலாயிற்று.

ஒங்கோலில் 1866 முதல் ஊழியம் செய்த அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி ஜான் கிளவ் என்பார், முன்னர் நில அளவைத் தொழில் பயின்றவர். அவர் இக்கால்வாயில் ஏறத்தாழ 3½ மைல் வேலையை ஒப்பந்தமாக ஏற்றார். தம் போதகர்களையே ஆட்கூட்டங்களுக்கு மேலாளராக்கினார். வேலைக்கு வந்தோருட் பெரும்பாலார் தோல் தொழில் செய்து தாழ்த்தப்பட்டிருந்த மாதிகர். பகலெல்லாம் மண் சுமந்தவர், இளைப்பாறும் பொழுது திறந்த வெளியிற் போதகரைச் சூழ்ந்திருந்து கிறிஸ்துவின் வரலாற்றைக் கேட்டனர். ஏவியவரும் ஏவப்பட்டவரும் ஒரே வெயிலில் நின்றமையால், சொல்லுக்கு முன் தோழமை பிறந்தது.

இனி, வசைக்கு விடை காண்போம். பஞ்சத்துக்கு முன்னரே, மாதிகருள் மூத்தவரான எர்ரகுண்ட்ல பேரய்யா முதலியோரின் முயற்சியால் அச்சபையில் 3,000 பேருக்கு மேற்பட்டோர் இருந்தனர். பஞ்சம் முற்றிய ஏறத்தாழ 15 மாதங்கள், கேட்டோர்க்கெல்லாம் கிளவ் ஞானஸ்நானம் மறுத்தார். சோற்றுக்காக ஒருவரும் வருதலாகாது என்பதே காரணம். உதவி முடிந்தது என்று அறிவித்த பின்னரும் மக்கள் திரளாய் வந்து வேண்டினர். 1878 ஜூலை 3-ஆம் நாள், குண்டலகம்மா ஆற்றங்கரையில் வெலும்பள்ளியில், போதகர் அறுவர் இருவர் இருவராக மாறி மாறி நின்று 2,222 பேருக்கு ஞானஸ்நானம் அளித்தனர். அவ்வாண்டு இறுதிக்குள் அத்தொகை 9,606 ஆயிற்று.

நன்றியுணர்வு இதிற் சிறிதும் கலவாதிருந்தது என்று யாம் சாதிக்க வரவில்லை. இடுக்கட்காலத்துத் தம்மோடு நின்றவரை மக்கள் நம்புதல் இயல்பே. அதனை விலைபோதல் என்பார் மனித உள்ளத்தை அறியாதார். கஞ்சியே நோக்கமாயின், கஞ்சி நின்றபோது கூட்டமும் கலைந்திருக்க வேண்டும், அது கலைந்திலது. ஊரார் எட்டி நிற்கச் சொன்னவர், ஒரே ஆற்றில் ஒருங்கே முழுகி எழுந்தனர். அவர் நாடியது வயிற்றுக்கு உணவு மட்டுமன்று, மனிதர் என்னும் மதிப்புமாம்.

1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை, பட்டியற் சாதியாரை வழிபாட்டின் வழி வரையறுத்தது. அதனால் கிறிஸ்துவைத் தழுவியவர் அவ்வுரிமைக்குப் புறம்பாயினர். ஒரே வயிற்றிற் பிறந்தோரும் இருவேறு ஏட்டில் எழுதப்படலாயினர். ஏடு பிரிப்பினும் உறவு பிரிதல் வேண்டா. உப்பளத்து வெயில் எவ்வழிபாட்டினர் என்று கேட்டுக் காய்வதில்லை. ஆதலின் நம் சங்கத்துக் கூட்டங்களிலும் திருமணப் பந்தல்களிலும் அவ்வசைச்சொல் இனி எழாதிருப்பதாக. சமயம் எதுவாயினும், உடனிருந்து உழைத்தவரை உறவென்று ஏற்பதே நம் முன்னோர்க்கு நாம் செய்யும் கடனாம்.