மாவட்ட நீதிபதி டி கிறெற்சர் அளித்த தீர்ப்பு

"தனிச் சிங்களச் சட்டம்" என்னும் சொல் எமது வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றது. ஆயினும் அச்சட்டம் செல்லாது என இலங்கை நீதிமன்றமொன்றே ஒருமுறை தீர்ப்பளித்ததை எம் பிள்ளைகளுள் அறிந்தோர் மிகச் சிலரே. அத்தீர்ப்பை வழங்கியவர் அன்று கொழும்பு மாவட்ட நீதிபதியாகக் கடமையாற்றிய ஓ. எல். டி கிறெற்சர் ஆவார். அவர் தமிழருமல்லர், சிங்களவருமல்லர், பறங்கியர் சமூகத்தவர்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரச கரும மொழியாக்கியது. 1961இல் வெளிவந்த திறைசேரிச் சுற்றறிக்கை, சிங்களத் தேர்ச்சி பெறாத அரச ஊழியரின் சம்பள ஏற்றத்தை நிறுத்தப் பணித்தது. அரச எழுதுவினைஞரான செல்லையா கோடீஸ்வரன் அப்பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார்.

கோரப்பட்ட பணம் சிறிது. எழுந்த வினாவோ பெரிது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவர்க்கு இல்லாத இடர்ப்பாட்டை இன்னொரு சமூகத்தவர்மீது சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என விதித்திருந்தது. மொழிச் சட்டம் அவ்விதியை மீறுகின்றது என 1964இல் டி கிறெற்சர் தீர்ப்பளித்தார். நாடாளும் பெரும்பான்மை நிறைவேற்றிய சட்டத்தை, முதல்நிலை நீதிமன்றத்தில் அமர்ந்த ஒருவர் அரசியலமைப்பை அளவுகோலாகக் கொண்டு நிறுத்துப் பார்த்தார்.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட இயலாது எனக் கூறித் தீர்ப்பை நீக்கியது. மொழிச் சட்டம் செல்லுமா என்பதை அது ஆராயவில்லை. 1969 டிசம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், ஊழியர் வழக்காடலாம் எனத் தீர்த்து, எஞ்சிய வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது. ஆனால் 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவின் காப்பு இடம்பெறவில்லை. வினா விடையின்றியே நின்றது. தமிழும் அரச கரும மொழியாகும் என்ற திருத்தம் 1987இலேயே வந்தது. அதற்குள் போர் மூண்டு, எம்மவர் பலர் ஊரை விட்டகன்றிருந்தனர்.

நாம் வாழும் நியூசிலாந்திலும் அதே 1987இல்தான் மாவோரி மொழி சட்டத்தால் அரச மொழியாயிற்று. இந்நாடும் 2004 முதல் பிரிவிக் கவுன்சிலுக்கு மாற்றாகத் தன் சொந்த உயர் நீதிமன்றத்தை நிறுவியது. மேன்முறையீட்டு வழியை மாற்றுவது எந்நாட்டுக்கும் உரிய உரிமையே. இலங்கையிலோ அவ்வழியோடு சிறுபான்மையினரின் காப்பும் சேர்ந்தே அகன்றது. எமக்கு நேர்ந்த இழப்பு அதுவே.

சிங்களவர் அனைவரும், நீதிமன்றங்கள் அனைத்தும் எமக்கு எதிராகவே நின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தல் எளிது. 1964ஆம் ஆண்டின் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்வோமாக. நீதி அன்று ஒருமுறை பேசியது; அதனை நிலைநாட்டும் வழியே பின்னர் அடைக்கப்பட்டது.