107ஆம் குன்று

முதல் ஆட்டத்தில் நான் குன்றை விட்டுக்கொடுக்கவே இல்லை. விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் தெரியவில்லை. மேசைமேல் கிரீட் தீவின் மாலமே விமானத்தளம் விரிந்து கிடந்தது. மேற்கே வறண்ட டாவ்ரோனிடிஸ் ஆறு. தெற்கே, ஓடுபாதை முழுவதையும் மேலிருந்து பார்க்கிற 107ஆம் குன்று. நியூசிலாந்தின் 22ஆவது பட்டாலியன் என் கையில், ஜெர்மானியப் பாராசூட் படை நண்பர் கையில். வரைபடத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, அட்டையில் காய்கள் வெட்டி, அவரே உட்கார்ந்து செய்த ஆட்டம் அது. ஒன்பதாவது சுற்றில் அவருடைய காய்களில் பாதி டப்பாவுக்குள் போயிருந்தன.

"எதுக்குண்ணே அந்த ஆளு குன்றை விட்டுட்டுப் போனாரு? சின்னப்பிள்ளைகூட விடாதே" என்றேன்.

"அடுத்த வாரம் இன்னொரு தரம் ஆடுவோம், தம்பி. அப்ப சொல்லு" என்றார்.

அந்த ஆள் லெப்டினன்ட் கர்னல் லெஸ்லி ஆண்ட்ரூ. 1941 மே 20ஆம் தேதி குன்று அவர் பொறுப்பில் இருந்தது. அன்றிரவு அவர் அதை விட்டு இறங்கினார். மறுநாள் மாலை ஜெர்மானியப் போக்குவரத்து விமானங்கள், பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே, அந்த ஓடுபாதையில் வரிசையாக இறங்கி மலைப்படையினரைக் கொட்டின. பத்தே நாளில் தீவு கைமாறியது. கிரீட் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இந்த இரவுக்கு ஒரு அத்தியாயம் இருக்கும். பெரும்பாலும் ஆண்ட்ரூமேல் ஒரு பெருமூச்சும் இருக்கும்.

வானிலிருந்து ஒரு தீவைப் பிடிப்பது என்பது அதுவரை யாரும் செய்து பார்க்காதது. ஜெனரல் கர்ட் ஸ்டூடென்ட்டின் திட்டம். காலையில் குண்டுவீச்சு, எட்டு மணியளவில் ஆற்றுப்படுகையை ஒட்டி கிளைடர்கள், பின்னாலேயே பாராசூட்டுகள். அந்த ஜெர்மானியப் பாராசூட் ஒரு விசித்திரம். கயிறுகள் முதுகுக்குப் பின்னால் ஓரிடத்தில் சேர்வதால், தொங்குகிறவனால் திசை திருப்ப முடியாது. காற்று கொண்டுபோகிற இடத்தில் விழவேண்டியதுதான். பெரும்பாலானவர்கள் கைத்துப்பாக்கி, எறிகுண்டு, ஒரு கத்தி ஆகியவற்றோடுதான் குதித்தார்கள். துப்பாக்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் தனிப் பெட்டிகளில் வந்து வேறெங்கோ விழும். தரையிறங்கியவன் முதலில் பெட்டியைத் தேடி ஓடவேண்டும். நண்பர் இதை அழகாக ஆட்டத்தில் கொண்டுவந்திருந்தார்: ஒவ்வொரு காயும் எங்கே விழுகிறது என்று பகடை போடவேண்டும், பெட்டி கிடைத்ததா என்று இன்னொரு பகடை. பெட்டி கிடைக்காத காய்க்குப் பலம் ஒன்றுதான்.

கிழக்கே 23ஆவது பட்டாலியனின் துப்பாக்கிகளுக்கு நேர் மேலே இறங்கிய ஒரு ஜெர்மானியப் பட்டாலியனில் சுமார் 600 பேரில் ஏறக்குறைய 400 பேர் அன்றே செத்தார்கள். ஒலிவத் தோப்புகளில் தொங்கியவர்களைக் கிராமத்தார் அரிவாளும் பழைய வேட்டைத் துப்பாக்கியும் கொண்டு எதிர்கொண்டார்கள். கிராமத்தாருக்கு எங்கள் டப்பாவில் காய் இல்லை. ஆட்டம் 21ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஜூன் 2ஆம் தேதி மாலமேக்குப் பக்கத்தில் கொண்டோமரி ஊரின் ஆண்களை ஒலிவ மரத்தடியில் நிறுத்திச் சுட்டார்கள், அதே பாராசூட் படையினர். அவர்களோடு இருந்த ஒருவரே எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒருமுறை பார்த்தேன். மறுபடி பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மேசை நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு நின்றது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரைபடம். கல்லூரியில் படிக்கும் நண்பரின் மகள் நடுவர். முழு வரைபடம் அவளிடம் மட்டும், அடுத்த அறையில். இது பழைய முறைதான். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி செய்த 'கிரீக்ஸ்ஷ்பீல்' ஆட்டத்திலேயே நடுவர் உண்டு. தளபதிக்குக் களத்தில் தெரிந்திருக்கக்கூடியதை மட்டும்தான் அவர் ஆடுகிறவருக்குச் சொல்வார். பின்னால் வந்த கடை ஆட்டங்களில் நடுவர் காணாமல் போனார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆளைப் பிடிப்பது கஷ்டம் இல்லையா.

எனக்குச் சரித்திரம் தெரியுமே, என்னை எப்படி ஏமாற்ற முடியும் என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார். "நடந்தது நடந்த மாதிரியேதான் நடக்கணும்னு இல்ல. சி கம்பெனியும் டி கம்பெனியும் இன்னிக்கு உயிரோட இருக்கா இல்லையான்னு பகடைதான் முடிவு பண்ணும். எனக்கும் தெரியாது."

விமானத்தளத்தில் சி கம்பெனி, ஆற்றுப்பாலத்தருகே டி கம்பெனி, குன்றின்மேல் என்னோடு ஏ. காலைக் குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. வயர்லெஸ்ஸுக்குச் சுற்றுக்கு ஒரு பகடை, ஆறில் இரண்டு விழுந்தால்தான் பேசும். நான் சீட்டில் உத்தரவு எழுதிக் கொடுப்பேன். அவள் உள்ளே போவாள். சில நிமிடம் கழித்து வந்து, "பதில் இல்ல சித்தப்பா" என்பாள்.

நண்பகலுக்குள் இது எரிச்சலாக ஆரம்பித்தது. டி கம்பெனியிலிருந்து வந்த ஒரே ஓட்டக்காரன், கம்பெனி முழுக்கப் போய்விட்டது என்று சொன்னதாக ஒரு சீட்டு வந்தது. உண்மையான ஆண்ட்ரூவுக்கும் அப்படித்தான் செய்தி வந்தது. 23ஆவது பட்டாலியனை எதிர்த்தாக்குதலுக்குக் கேட்டேன். அங்கேயும் பாராசூட்காரர்கள், வர முடியாது என்று பிரிகேடிலிருந்து பதில். உண்மையில் பிரிகேடியர் ஹார்கெஸ்ட் சில மைல் தள்ளி பிளாட்டனியாஸில் இருந்துகொண்டு இதே பதிலைத்தான் சொன்னார். 23ஆவது பட்டாலியன் அந்த நேரத்தில் அவ்வளவு நெருக்கடியில் இல்லை.

மிச்சம் இருந்தது இரண்டு மடில்டா டாங்கிகள். ஆண்ட்ரூ மாலை ஐந்து மணியளவில் அவற்றை ஒரு பிளாட்டூனோடு அனுப்பினார். ஒரு டாங்கியின் குண்டுகள் அதன் பீரங்கிக்கே பொருந்தவில்லை, மேல்கூண்டும் சுழலவில்லை; திரும்பி வந்தது. இன்னொன்று ஆற்றுப்படுகையின் பாறைகளில் வயிறு தட்டி நின்றுவிட்டது. எழுதப்பட்ட கதை என்றால் நம்பமாட்டோம். என் டாங்கிகளுக்குப் பகடை கொஞ்சம் கருணை காட்டியது, பாலம் வரை போயின. பிறகு சீட்டு வரவில்லை.

இருட்டு. நடுவர் விளக்கை அணைக்கவில்லை, ஆனால் வரைபடத்தில் என் குன்றைச் சுற்றியிருந்த கட்டங்களெல்லாம் கேள்விக்குறி அட்டைகள். விடிந்தால் மறுபடி விமானங்கள் வரும். கையில் இருந்த ஒன்றரைக் கம்பெனியும் அப்போது திறந்தவெளியில் அகப்படும். இருட்டு இருக்கும்போதே கிழக்கே போய் 21, 23ஆவது பட்டாலியன்களோடு சேர்ந்தால் நாளைக்காவது ஒரு முழுப் படை இருக்கும். எனக்கு இது கோழைத்தனமாகத் தோன்றவில்லை. கணக்காகத் தோன்றியது. சீட்டில் எழுதினேன்: பின்வாங்குகிறேன்.

ஆண்ட்ரூ கோழை இல்லை என்பதைச் சொல்லவேண்டும். 1917இல் பெல்ஜியத்தில், இருபது வயதுக் கார்ப்பரலாக, இயந்திரத் துப்பாக்கி நிலைகளைப் பிடித்து விக்டோரியா கிராஸ் வாங்கியவர். கிரீட்டுக்குப் பின் வட ஆப்பிரிக்காவிலும் அதே பட்டாலியனை நடத்தினார். மேலிருந்து பார்த்து எழுதுகிற நமக்கு எல்லாக் காய்களும் தெரிகின்றன. என்னுடைய 'சின்னப்பிள்ளைகூட' என்ற வார்த்தை ஒரு வாரமாக அந்த வீட்டில்தான் கிடந்திருக்கிறது.

தடுப்பை எடுத்தார்கள். டி கம்பெனி பாதிக்கு மேல் உயிரோடு பாலத்தருகே நின்றது. சி கம்பெனி ஓடுபாதையின் ஓரத்தை இன்னும் பிடித்திருந்தது. நண்பரிடம் வெடிமருந்து அட்டை இரண்டுதான் பாக்கி. அவர் சிரிக்கவில்லை. "நீ இருந்திருந்தா விடிகாலையில நான் அவ்வளவுதான்" என்றார். ஸ்டூடென்ட்டும் பின்னாளில் ஏறக்குறைய இதையே ஒப்புக்கொண்டிருக்கிறார்: அன்றிரவு பலமான ஒரு தாக்குதல் வந்திருந்தால் களைத்துப்போன அவருடைய ஆட்கள் தாக்குப்பிடித்திருக்கமாட்டார்கள்.

இப்போது அந்தக் குன்றில் ஜெர்மானியப் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள்.

அன்றிரவு சி கம்பெனியின் கேப்டன் ஜான்சன் குன்றுக்கு ஆள் அனுப்பினார். போனவர்கள் திரும்பி வந்து, பதுங்குகுழிகள் காலி, பட்டாலியன் போய்விட்டது என்றார்கள். விடியற்காலை நான்கரை மணியளவில் அவர்கள் பூட்ஸைக் கழற்றி, கயிற்றால் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்து கிழக்கே போனார்கள்.