மாயா பஜார்: வியாசர் எழுதாத கல்யாணம்



போன ஞாயிறு நம்ம கோயில் சமய வகுப்புல மகாபாரதம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அபிமன்யு கதை வந்தது. பலராமர் மகள் வத்சலாவை அபிமன்யு கட்டிக்கிட்ட கதையையும், கடோத்கஜன் செஞ்ச கலாட்டாவையும் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. முடிஞ்சதும் ஒரு பொண்ணு எழுந்து, "அங்கிள், என் புக்ல அபிமன்யு மனைவி உத்தரைன்னுதானே இருக்கு? வத்சலா பேரே இல்லையே?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரலை. வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. வியாச பாரதத்தில் அபிமன்யு மணப்பது விராட மன்னன் மகள் உத்தரையை. பலராமருக்கு அப்படி ஒரு மகள் அதில் கிடையாது. நான் இத்தனை வருஷமா "மகாபாரதம்" என்று சொல்லிக் கொடுத்தது, ஒரு சினிமா.

அந்தச் சினிமாதான் 1957-இல் வந்த மாயா பஜார். சென்னையில் விஜயா புரொடக்‌ஷன்ஸ் எடுத்தது. தயாரிப்பு நாகிரெட்டியும் சக்ரபாணியும், இயக்கம் கே.வி. ரெட்டி. நாம சின்ன வயசுல படிச்ச அம்புலிமாமாவை 1947-இல் தொடங்கியவங்களும் இதே நாகிரெட்டி, சக்ரபாணிதான். மார்ச் மாதம் தெலுங்கிலும் அடுத்த மாதமே தமிழிலும் வெளியானது. தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி கணேசன். இரண்டிலும் நாயகி சாவித்திரி, கடோத்கஜன் எஸ்.வி. ரங்காராவ், கிருஷ்ணர் என்.டி. ராமாராவ். நாயகியின் பேர் தெலுங்கில் சசிரேகா, தமிழில் வத்சலா.

ஆனா கதையை சினிமாக்காரங்க கற்பனை பண்ணலை. 'சசிரேகா பரிணயம்' ஆந்திராவில் நாட்டுக்கதையாகவும் நாடகமாகவும் ஏற்கெனவே இருந்தது. 1885-இல் கடப்பைப் பக்கம் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பங்களுக்கு மாயா பஜார் பேர் வாங்கிக் கொடுத்த நாடகம். பேசும்படம் வந்த சில வருஷங்களிலேயே, 1930-களில், தெலுங்கிலும் தமிழிலும் இதே கதை படமாகிவிட்டது.

கதையைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. சின்ன வயசுலேயே பேசி முடிச்ச சம்பந்தம். சூதாட்டத்தில் பாண்டவர் நாட்டை இழக்கிறாங்க. உடனே பெண் வீட்டார் மனசு மாறுது. ஒண்ணும் இல்லாத வீட்டுக்கு எதுக்குப் பெண் கொடுக்கணும், துரியோதனன் மகன் லட்சுமண குமாரனுக்கே கொடுத்துடலாம்னு நிச்சயம் பண்றாங்க. சுபத்திரை அண்ணன் வீட்டிலேயே அவமானப்பட்டு மகனோடு காட்டுக்குப் போறாள். அங்கே கடோத்கஜன் துணைக்கு வருகிறான். தூங்குகிற பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவந்து, அவள் உருவத்தில் தானே கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறான். பெண் உருவத்துக்குள் அரக்கன் இருப்பதைச் சாவித்திரி நடித்துக் காட்டியது இன்னைக்கும் பேசப்படுது.

இன்னொரு விஷயம். படம் முழுக்கப் பஞ்சபாண்டவர் ஐந்து பேரும் ஒரு காட்சியிலும் வருவதில்லை. ஏன்னா இது போர்க்கதை இல்லை. நொடித்துப்போன சொந்தக்காரங்களை நாம எப்படி நடத்துறோம் என்கிற வீட்டுக்கதை. அதனாலதான் பாட்டிமார் அதை விடாம சொல்லிக்கிட்டு வந்தாங்கன்னு நினைக்கிறேன்.

மூலத்தோடு சம்பந்தமே இல்லாத கதையும் இல்லை. பாகவதத்தில் பலராமர் தங்கை சுபத்திரையைத் துரியோதனனுக்குக் கொடுக்க நினைக்கிறார். கிருஷ்ணர் சம்மதத்தோடு அர்ச்சுனன் அவளைக் கொண்டுபோகிறான். அதே சண்டையை மக்கள் அடுத்த தலைமுறைக்கு நீட்டிட்டாங்க. லட்சுமண குமாரனும் மூலத்தில் உண்டு. ஆனா அங்கே கல்யாணப் பந்தல் கிடையாது. பதின்மூன்றாம் நாள் போரில் அபிமன்யு கையால் அவன் சாகிறான், அதே நாளில் அபிமன்யுவும் சாகிறான். நம்மைச் சிரிக்க வைத்த இரண்டு பிள்ளைகளுக்கும் வியாசர் கொடுத்த முடிவு அதுதான்.

படம் நம்ம பூஜை அறை வரைக்கும் வந்திருக்கு. 1954-இல் ஒரு படத்தில் என்.டி.ஆர் கிருஷ்ணராக வந்தபோது ஜனங்க ஏத்துக்கலை. மறுபடி அந்த வேஷம் போட அவர் தயங்கினார். கே.வி. ரெட்டிதான் விடாமல் போட வைத்தார். அதற்கப்புறம் கிருஷ்ணர் என்றாலே அந்த முகம்தான் என்று ஆனது. 1964-இல் தமிழ்க் கர்ணனிலும் கிருஷ்ணர் அவரே.

தெலுங்குப் படத்துக்கு வசனம் எழுதியவர் பிங்களி நாகேந்திரராவ். புதுப்புது வார்த்தைகளை உண்டாக்கினவர். யாராவது உண்டாக்காமல் வார்த்தை எப்படிப் பிறக்கும் என்ற பொருளில் கடோத்கஜனையே பேச வைத்திருக்கிறார். கதைகளுக்கும் அது பொருந்தும்.

ஆனா ஒண்ணு. வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கு. இது வியாசர் சொன்னது, இது மக்கள் சொன்னது, இது படத்தில் வந்தது என்று பிரிச்சுச் சொல்லணும். இல்லைன்னா நாளைக்கு வேற யாராவது அந்தப் பிள்ளைகளிடம் "உங்க அங்கிள் சொன்னதெல்லாம் பொய்" என்பார்கள். ஒரு கதையோடு சேர்த்து எல்லாத்தையும் அவங்க தூக்கிப் போட்டுடுவாங்க.

இந்த ஞாயிறு அந்தப் பொண்ணிடம் எல்லார் முன்னாலும் சொல்லப்போறேன்: "நீ சொன்னதுதான் சரிம்மா." அப்புறம் மாயா பஜார் கதையை இன்னொரு தடவை சொல்வேன், நாட்டுக்கதை என்று பேர் சொல்லியே.

உங்க பெற்றோர் சொன்ன பாரதக் கதையில் புத்தகத்தில் இல்லாதது ஏதாவது இருந்தா கீழே எழுதுங்க. வகுப்புக்கு உதவும். பிழை இருந்தா திருத்துங்க.

கிருஷ்ணார்ப்பணம் 🙏