மல்லேஸ்வரத்துக் கல்லும் மைசூர் வரலாறும்

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நம்மை நோக்கி இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. "நீங்கள் யார்?" என்பது ஒன்று, "உங்கள் ஊர் எது?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குத் தயக்கமின்றித் தமிழர் என்று விடை பகர்கிறோம். இரண்டாவது கேள்வி வந்தவுடன் சற்றே நிற்கிறோம். பாட்டனார் பிறந்த ஊரைச் சொல்வதா, நம் பிள்ளைகள் பிறந்த ஊரைச் சொல்வதா?

இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. நாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர்களும் இவ்விரு கேள்விகளுக்கு இடையே நின்றிருக்கின்றனர். மக்களை இனம் இனமாகப் பிரித்து எழுதுவதா, ஊர் ஊராகச் சேர்த்து எழுதுவதா என்பது அவர்கள் எதிர்கொண்ட வினா. இந்த இரண்டு வகைப் பணியிலும் உழைத்தவர் ஒருவர் உண்டு. அவர் இதழாசிரியராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய காஞ்சீவரம் ஹயவதன ராவ். அவரைக் காணுமுன், நம்மவர் பலர் வாழும் பெங்களூர் மல்லேஸ்வரத்திற்கு ஒருமுறை சென்று வருவோம்.

1898-ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கிற்று. பழைய பேட்டையின் நெருக்கடியினின்றும் மக்கள் விலகிக் காற்றோட்டமான வீடுகளில் வாழ வேண்டும் என்னும் நோக்கத்தோடு வளர்க்கப்பெற்ற பகுதிகளுள் மல்லேஸ்வரம் ஒன்று. இங்குள்ள பெரிய வீதி ஒன்றுக்குச் சம்பிகை சாலை என்று பெயர். கன்னடத்துச் சம்பிகை, தமிழில் சண்பகம். அதற்கு இணையாக ஓடும் மார்கோசா சாலையோ வேப்ப மரத்தின் பெயரைத் தாங்கியது. அண்மையிலுள்ள சேஷாத்திரிபுரம், 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருமான சேஷாத்திரி ஐயரின் நினைவைத் தாங்கி நிற்கின்றது.

ஆயினும் மல்லேஸ்வரம் என்னும் பெயர் பிளேக்குக்கு மிகவும் முற்பட்டது. இங்குள்ள காடு மல்லேசுவரர் கோயிலே அப்பெயருக்கு மூலம். அக்கோயிலைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று 1669-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மல்லபுரத்து மல்லிகார்ஜுனருக்கு மேதரநிங்கனஹள்ளி என்னும் ஊரை ஏகோஜி கொடையாக அளித்த செய்தியை அது கூறுகின்றது.

ஏகோஜி யார்? மராத்திய வீரர் சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. இவருடைய தந்தை ஷாஜி, பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவர்களுள் ஒருவராக வந்து பெங்களூரைச் சாகீராகப் பெற்றவர். தந்தைக்குப்பின் பெங்களூரை ஆண்ட ஏகோஜி, 1670-களின் நடுவில் தஞ்சையைக் கைக்கொண்டார். அவர் மரபினரே 1855 வரை தஞ்சை மராத்திய மன்னர்களாக விளங்கினர். சரசுவதி மகால் நூல்நிலையத்தைப் பேணி வளர்த்த சரபோஜியும் அம்மரபினரே. தஞ்சைக்குச் சென்றபின் தொலைவிலிருந்த பெங்களூரைக் காப்பது ஏகோஜிக்கு அரிதாயிற்று. அதனை மைசூர் மன்னர் சிக்கதேவராயருக்கு மூன்று இலட்சம் ரூபாய்க்கு அவர் விலை பேசினார் என்றும், இடையே முகலாயப் படை புகுந்து ஊரைப் பிடித்தது என்றும், பின்னர் 1687-இல் அஃது அம்மன்னர் வசமாயிற்று என்றும் வரலாறு கூறுகின்றது.

இப்பொழுது அந்தக் கல்லை மீண்டும் நோக்குவோம். கொடுத்தவர் மராத்தியர். அவர் பணியாற்றியது பீஜப்பூர் முஸ்லிம் அரசில். கொடை நிகழ்ந்த மண் கன்னட மண். கொடை பெற்ற இறைவனின் பெயரோ தெலுங்கு நாட்டுச் சீசைலத்தை நினைவூட்டுவது. கொடுத்தவரின் வழித்தோன்றல்கள் தமிழகத்தின் மன்னர்களாயினர். இக்கல் எந்த இனத்துக்கு உரியது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. எந்த ஊருக்கு உரியது என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை கிடைக்கின்றது: அது மல்லேஸ்வரத்துக்கு உரியது.

இவ்வளவு தெளிவான உண்மை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பலருக்குப் புலப்படவில்லை. இனம் என்பதே மனித வரலாற்றின் திறவுகோல் என்னும் எண்ணம் அப்போது உலகெங்கும் ஓங்கியிருந்தது. நம் நாட்டில் 1901-ஆம் ஆண்டு மக்கட்கணக்கை மேற்பார்த்த ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி, மூக்கின் அகலத்திற்கும் சமூகப் படிநிலைக்கும் தொடர்பு உண்டு என்று வாதிட்டார். மூக்கு எவ்வளவு குறுகியதோ சாதி அவ்வளவு உயர்ந்தது என்பது அவர் கண்ட விதி. சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோல்களோடு தென்னாடெங்கும் சென்று மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தார். அம்முயற்சியின் விளைவாக 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் ரங்காச்சாரி என்பார் அவருக்குத் துணைநின்றார்.

அத்தொகுதிகளின் முன்னுரையில் தர்ஸ்டன் நன்றி பாராட்டும் பெயர்களுள் ஒன்று ஹயவதன ராவின் பெயர். சென்னை மாகாணத்து மாவட்ட கெசட்டியர்களின் தயாரிப்பில் ஈடுபட்டிருந்த காலத்தில் தாம் திரட்டிய செய்திகளை அவர் தர்ஸ்டனுக்கு வழங்கினார். அச்சுப் படிகளையும் பார்த்துத் திருத்தினார். பெயரின் முன்னே காஞ்சிபுரத்தைத் தாங்கிய இவர், 1865-இல் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூரில் பிறந்தவர். ஓசூர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் எல்லையூர். அங்கே பிறந்தவர் மனிதரைப் பெட்டி பெட்டியாக அடுக்கும் நூலுக்குச் செய்தி திரட்ட நேர்ந்தது காலத்தின் கோலம் போலும்!

பின்னாளில் அவர் பெங்களூரில் வாழ்ந்து மைசூர் நாட்டின் பணியில் ஈடுபட்டார். மைசூர்ப் பொருளாதார இதழின் ஆசிரியராக இருந்து, நாட்டின் தொழிலையும் வாணிகத்தையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதியும் பிறரை எழுதச் செய்தும் வந்தார். இதழாசிரியரின் பழக்கம் வரலாற்றாசிரியருக்குப் பெருந்துணை. இன்று விளையும் பொருள் எது, அதன் விலை என்ன, அது எந்தச் சந்தைக்குப் போகின்றது என்று கேட்டுப் பழகியவர், முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊரைப் பற்றியும் அவ்வாறே கேட்பார்.

அவர் பதிப்பித்த மைசூர் கெசட்டியர் 1927 முதல் 1930 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அவருக்கு முன்னரே, பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயரான லூயி ரைஸ் என்பார் கெசட்டியர் ஒன்றை இயற்றியிருந்தார்; மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளையும் மாவட்டவாரியாகத் தொகுத்து அச்சேற்றியிருந்தார். அந்த அடித்தளத்தின்மீது ஹயவதன ராவ் விரிவாகக் கட்டினார். நிலம், வரலாறு, பொருளாதாரம், ஆட்சி ஆகியவற்றுக்கு நான்கு தொகுதிகள். ஐந்தாம் தொகுதியில் மாவட்டங்களும் ஊர்களும் இடம்பெற்றன. 1943 முதல் 1946 வரை மைசூர் வரலாற்றையும் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மறைந்தார்.

இங்கே நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தர்ஸ்டனின் தொகுதிகள் சாதிப் பெயர்களை அகர வரிசையில் நிரல்படுத்துகின்றன. கெசட்டியரின் ஐந்தாம் தொகுதி இடங்களின் பெயர்களை நிரல்படுத்துகின்றது. முன்னதில் மேதரர் என்று தேடினால், மூங்கிலைப் பிளந்து கூடையும் முறமும் முடையும் மக்களைப் பற்றிய செய்தி கிடைக்கும். மல்லேஸ்வரத்துக் கல்வெட்டிலோ, மேதரநிங்கனஹள்ளி என்னும் ஊர்ப்பெயரின் முன்சொல்லாக அதே மக்கள் நம் நினைவுக்கு வருகின்றனர். சாதிநூலில் அவர்கள் தனித்து நிற்கின்றனர். கல்லில் அவர்கள் கோயிலோடும் மன்னரோடும் வயலோடும் சேர்ந்து நிற்கின்றனர். செய்தி திரட்டும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றே. ஆயின் நூல் கேட்கும் கேள்வி மாறும்போது மனிதரின் உருவமும் மாறிவிடுகின்றது. இனத்தைப் பற்றிய தம் காலத்துக் கருத்துகளை ஹயவதன ராவ் முற்றிலும் கைவிட்டார் என்று நாம் கூறவில்லை. அவர் செய்த பெரும்பணி ஊரையும் நாட்டையும் பற்றியதாக அமைந்தது என்பதே நாம் கூறுவது.

ரிஸ்லியின் மூக்களவை விதியும் நெடுநாள் நிற்கவில்லை. 1932-இல் பம்பாய்ப் பேராசிரியர் குர்யே அவருடைய கணக்குகளையே எடுத்து ஆராய்ந்து, வட இந்தியாவின் ஒரு பகுதிக்கு அப்பால் அவ்விதி பொருந்தவில்லை என்று காட்டினார். 1950-இல் யுனெஸ்கோ நிறுவனம், இனத்தைக் கொண்டு மக்களின் அறிவாற்றலை அளக்க இயலாது என்று அறிஞர்களின் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டது. அண்மைக் காலத்து மரபணு ஆராய்ச்சியும் இந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் பழங்காலத்துக் கலப்பின் வழிவந்தோரே எனத் தெளிவாக்கியுள்ளது.

கடல் கடந்த நாட்டிலும் இப்போராட்டம் நிகழ்ந்தது. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1910 முதல் 1934 வரை 'கிரைசிஸ்' என்னும் இதழை நடத்தியவர். அடிமை முறை ஒழிந்தபின் அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிகழ்ந்தவற்றைப் பற்றி அந்நாட்டுப் பேராசிரியர் பலர் இன இகழ்ச்சியோடு எழுதிவந்தனர். அவர்களை மறுத்து, அந்நிலத்தின் வரலாற்றில் கறுப்பின மக்களின் பங்கை 1935-இல் பெருநூலாக எழுதி அவர் நிலைநாட்டினார். ஒரு பகுதியின் வரலாற்றினின்றும் ஒரு சாராரை நீக்கிவிட்டால், அவர்களை அம்மண்ணினின்றும் நீக்குவது எளிதாகிவிடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இது நமக்கு நெருங்கிய பாடம். ஆனால் இப்பாடத்தை நாம் ஒருபக்கமாகப் படித்தல் ஆகாது. பெங்களூரைச் சுற்றித் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. தோம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் உள்ளன. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோலார்ப் பகுதியிலும் சோழர் காலத்தவை மிகுதி. இவற்றைக் கண்டவுடன் நம்மவர் சிலருக்கு மார்பு விரிகின்றது. இந்த ஊரே நம்முடையது என்று பேசத் தோன்றுகின்றது. ஆனால் பெங்களூர் என்னும் பெயரை முதலில் நமக்குக் காட்டும் பேகூர்க் கல், ஏறக்குறைய கி.பி. 890-ஐச் சேர்ந்த கங்கர் காலத்துக் கன்னடக் கல்லாகும். பெங்களூர்ப் போரில் உயிர் நீத்த ஒருவனை அது நினைவுகூர்கின்றது. தமிழ்க் கல்லை மட்டும் காட்டுவோரும் கன்னடக் கல்லை மட்டும் காட்டுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். கல்லிலே பொறித்தவர்கள் ஊருக்குக் கொடுத்ததை எழுதினார்கள். நாமோ ஊரைப் பறிப்பதற்கு அதனைச் சான்றாக்குகிறோம்.

அப்பிழையின் விலை என்ன என்பதைப் பெங்களூர்த் தமிழர் நேரில் கண்டவர்கள். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலை ஒட்டி எழுந்த வன்முறையில் வீடும் கடையும் எரிந்தன. பல்லாயிரவர் ஊரை விட்டு வெளியேறினர். அந்த இரவுகளில் பல தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டினுள் மறைத்துக் காத்தவர்களும் அண்டை வீட்டுக் கன்னடரே என்பதை அக்குடும்பத்தினர் இன்றும் நன்றியோடு சொல்வர். அல்சூரில் அதே ஆண்டில் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. நான்கு நாட்களுக்குப்பின் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. அரசியல் கருத்துகள் எவ்வாறாயினும், இரு நகரங்களும் ஒன்றுக்கொன்று ஒரு விருந்தினரை அளித்துக்கொண்டன என்பது நல்ல செய்தி.

நாம் செய்யத்தக்கது யாது? நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்பது போலவே தாம் வாழும் மாநிலத்தின் எழுத்தையும் ஆர்வத்தோடு கற்கச் செய்ய வேண்டும். விடுமுறையில் தஞ்சைப் பெரிய கோயிலைக் காட்டும் நாம், வீட்டருகிலுள்ள காடு மல்லேசுவரர் கோயிலின் வரலாற்றையும் சொல்ல வேண்டும். தஞ்சையை ஆண்டவரே இங்கும் ஆண்டார் என்பதை அறிந்த பிள்ளைக்கு இரண்டு ஊர்களும் ஒரு கதையின் இரண்டு பக்கங்களாகத் தோன்றும். நாம் வாழும் தெருவுக்கு எப்போது, என்ன தொழிலுக்காக, யார் யார் வந்து குடியேறினர் என்பதை மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வைப்போமாயின், வருங்கால கெசட்டியருக்கு நாம் அளிக்கும் சிறு கொடையாக அஃது அமையும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் தமிழர்க்கும் இது பொருந்தும்.

ஓசூரில் பிறந்து, பெயரில் காஞ்சியைச் சுமந்து, மைசூரின் வரலாற்றை எழுதி முடித்தவர் ஹயவதன ராவ். எந்த ஊரின் வரலாற்றை ஒருவர் அன்போடும் நேர்மையோடும் எழுதுகிறாரோ, அந்த ஊர் அவரைத் தன்னவராக ஏற்றுக்கொள்கின்றது. அவருடைய தொகுதிகளைப் புறக்கணித்து இன்று எவரும் மைசூர் வரலாற்றை எழுத முடியாது. உங்கள் ஊர் எது என்று இனி யாரேனும் கேட்டால், பாட்டனாரின் ஊரையும் சொல்வோம்; பிள்ளைகளின் ஊரையும் சேர்த்தே சொல்வோம். இரண்டையும் தயக்கமின்றிச் சொல்லும் உரிமையை, இரண்டின் வரலாற்றையும் கற்றுப் பெறுவோமாக.