பீட்டில் கார்: மீட்டமைப்பும் உதிரிபாகங்களும்

பீட்டில், ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் உருவாக்கிய சிறு கார். எஞ்சின் வண்டியின் பின்புறத்தில் இருக்கும். அதைக் குளிர்விப்பது காற்று மட்டுமே. ரேடியேட்டர், வாட்டர் பம்பு, தண்ணீர்க் குழாய் எதுவும் கிடையாது. 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவேப்லா தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2,15,29,464. பழைய பீட்டிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பும் வேலை இங்கே மீட்டமைப்பு எனப்படுகிறது. போர்ஷே 356, 1998 வரை காற்றுக் குளிர்விப்போடு வந்த போர்ஷே 911, பிரான்சின் சிட்ரோயன் 2சிவி, இத்தாலியின் ஃபியட் 500, அமெரிக்காவின் செவ்ரலே கார்வேர் ஆகியவையும் காற்றால் குளிரும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான். ஆயினும் உதிரிபாகம் கிடைப்பதில் பீட்டிலுக்கு நிகர் எதுவும் இல்லை.

தோற்றம்

காற்றால் குளிரும் கார் ஜெர்மனியின் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் ஃபிராங்க்ளின் நிறுவனம் 1902 முதல் 1934 வரை இவ்வகைக் கார்களையே செய்து விற்றது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஹான்ஸ் லெட்விங்கா 1923-இல் டாட்ரா 11 என்ற வண்டியை வடிவமைத்தார். அதன் முதுகெலும்பு ஒரு குழாய். எஞ்சின் இரு பக்கமும் படுத்த சிலிண்டர்கள் கொண்டது. 1934-இல் வந்த டாட்ரா 77-இல் எஞ்சின் பின்னால் போயிற்று, உடலும் காற்றைக் கிழிக்கும் வளைவு பெற்றது. அதன் பின் வந்த டாட்ரா 97-ஐயும் பீட்டிலையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு உறவைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பீட்டிலின் மூலக் கருத்து டாட்ராவினுடையது என்று சொல்வோர் உண்டு. 1960-களில் ஃபோக்ஸ்வாகன் ஒரு தொகையைக் கொடுத்து டாட்ரா தொடர்பான வழக்கை முடித்துக்கொண்டது. பேலா பாரெனி என்ற பொறியாளர் மாணவராக இருந்தபோதே இத்தகைய காரை வரைந்திருந்தார் என்பதை 1950-களில் ஜெர்மன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

கருத்தை விலை மலிந்த வண்டியாக்கியவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. மக்கள் கார் ஒன்றை வடிவமைக்க ஜெர்மன் மோட்டார் தொழில் சங்கத்தோடு அவருடைய அலுவலகம் 1934 ஜூன் 22-இல் ஒப்பந்தம் செய்தது. நான்கு சிலிண்டர் படுக்கை எஞ்சினை வரைந்தவர் அந்த அலுவலகத்தின் ஃபிரான்ஸ் ரைம்ஸ்பீஸ். 1938 மே 26-இல் ஃபாலர்ஸ்லேபன் அருகே தொழிற்சாலைக்கு ஹிட்லர் அடிக்கல் நாட்டினார். வாரம் 5 மார்க் வீதம் தபால்தலை போன்ற சீட்டுகளை வாங்கி ஒட்டி, 990 மார்க் சேர்ந்தால் கார் என்பது திட்டம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேமித்தனர். ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. தொழிற்சாலை போர் வண்டிகளுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் இந்த எஞ்சினின் பெருமை உறுதியானது அந்தப் போரில்தான். அதே எஞ்சினைக் கொண்ட கியூபல்வாகன் என்ற ராணுவ வண்டியில், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கொதித்துப்போகவும் ரஷ்யக் குளிரில் உறைந்துபோகவும் தண்ணீர் இல்லை.

போர் முடிந்ததும் குண்டு விழுந்து சிதைந்திருந்த தொழிற்சாலையை ஏற்றவர் பிரிட்டிஷ் ராணுவத்தின் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட். ராணுவப் பயன்பாட்டுக்கென 20,000 கார்களுக்கு உத்தரவு வாங்கி, 1945 டிசம்பர் இறுதியில் தொடர் உற்பத்தியைத் தொடங்கினார். 1948-இல் ஹைன்ரிக் நார்தாஃப் தலைமை ஏற்றார். 1955-இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. 1972 பிப்ரவரி 17-இல் 1,50,07,034-ஆவது பீட்டில், ஃபோர்டு மாடல் டி-யின் எண்ணிக்கையைத் தாண்டியது.

காலவகைப்பாடு

உதிரிபாகம் தேடுபவர் முதலில் அறியவேண்டியது தம் வண்டியின் வயது. வெளித்தோற்றம் அறுபத்தைந்து ஆண்டும் ஒரே வண்டிபோலத் தெரிந்தாலும் உள்ளே மாறாத பாகம் அரிது. பின் கண்ணாடியை வைத்துச் செய்யும் பிரிவே இதில் பழையது, மதிப்பும் மிக்கது. 1953 மார்ச் வரை பின் கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டாக இருந்தது. அதிலிருந்து 1957 ஜூலை வரை முட்டை வடிவ ஒற்றைக் கண்ணாடி. 1957 ஆகஸ்டில் அகன்ற செவ்வகக் கண்ணாடி வந்தது. பிளவுக் கண்ணாடி வண்டிகள் இன்று சேகரிப்போர் கையில்தான் உள்ளன.

1955-இலிருந்து நிறுவனம் ஒவ்வோர் ஆகஸ்டிலும் புதிய மாதிரி ஆண்டைத் தொடங்கியது. ஆகவே 1965 செப்டம்பரில் செய்த வண்டி 1966 மாதிரி. பதிவுப் புத்தகத்தின் ஆண்டை மட்டும் பார்த்துப் பாகம் வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். 1960 ஆகஸ்டில் ஐரோப்பிய வண்டிகளில், கதவுத் தூணிலிருந்து கைபோல நீளும் சைகைக் கருவி போய் மின்னும் விளக்கு வந்தது. 1961 ஆகஸ்ட் வரை பெட்ரோல் அளவு காட்டும் முள்ளே இல்லை. வண்டி திக்கும்போது காலால் ஒரு நெம்பியைத் திருப்பி ரிசர்வுக்கு மாற்றவேண்டும். மலிவு விலை மாதிரியில் 1962 வரை பிரேக்கை இழுத்தது கம்பிதான். 1965 ஆகஸ்டில் முன் அச்சு, கிங் பின்னிலிருந்து பந்து மூட்டுக்கு மாறியது. 1966 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குச் சென்ற வண்டிகளில் 6 வோல்ட் மின்னமைப்பு 12 வோல்ட் ஆயிற்று. 1967 ஆகஸ்டில் முகவிளக்குகள் நிமிர்ந்தன, பம்பர் தடித்தது, சக்கரத்தில் 205 மி.மீ. வட்டத்து ஐந்து போல்ட்டுக்குப் பதில் 130 மி.மீ. வட்டத்து நான்கு போல்ட் வந்தது. 1970 ஆகஸ்டில் வந்த 1302-இல் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்டிரட். 1972 ஆகஸ்டின் 1303-இல் முன் கண்ணாடி வளைந்தது.

எஞ்சின் அளவு 1,131 சி.சி. (25 குதிரைத்திறன்) முதல் 1,192, 1,285, 1,493 வழியாக 1,584 சி.சி. (50 குதிரைத்திறன்) வரை வளர்ந்தது. இவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பது பட்டறைக்காரர்களுக்கு வசதி, மீட்டமைப்போருக்குத் தலைவலி. ஐம்பது ஆண்டில் எஞ்சின் மாற்றாத பீட்டிலைக் காண்பதே அபூர்வம். சேசிஸ் எண் பின் இருக்கையின் அடியில் நடுக் குழலின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண் டைனமோ தாங்கியின் கீழே. 1965 மாதிரி முதல் சேசிஸ் எண்ணின் மூன்றாம் இலக்கமே மாதிரி ஆண்டைச் சொல்லிவிடும்: 115 எனத் தொடங்கினால் 1965.

பாக எண்ணும் இதேபோல வாசிக்கத்தக்கது. முதல் மூன்று இலக்கம் எந்த வண்டிக்காக முதலில் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும். நான்காவது இலக்கம் பிரிவு: 1 எஞ்சின், 3 கியர் பெட்டி, 4 முன் அச்சு, 6 சக்கரமும் பிரேக்கும், 8 உடல், 9 மின்சாரம். இடம் வலம் உள்ள பாகங்களில் கடைசி இலக்கம் ஒற்றையானால் இடது, இரட்டையானால் வலது. பின்னால் வரும் எழுத்து திருத்தத்தைக் காட்டும். ஜெர்மன் மொழி தெரியாதவரும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு உலகில் எந்தக் கடையிலும் மட்கார்டு வாங்கிவிடலாம்.

உடலும் துருவும்

பீட்டிலின் உடல், தட்டையான அடித்தளத்தின் மேல் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. போல்ட்டுகளைக் கழற்றினால் உடலைத் தனியே தூக்கிவிடலாம். முழு மீட்டமைப்பு அங்கிருந்தே தொடங்கும். துரு முதலில் பிடிப்பது அடித்தளத்தின் பின்பகுதியை. பின் இருக்கையின் கீழே பேட்டரி. அதிலிருந்து கசியும் அமிலம் தகரத்தைத் தின்னும். இருக்கையின் ஸ்பிரிங் பேட்டரி முனையில் பட்டு, உள்ளிருக்கும் நார்த் திணிப்பு தீப்பிடித்த வண்டிகளும் உண்டு. முனைகளுக்கு மூடி போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

அடுத்த இடம் கதவுக்குக் கீழே ஓடும் வெங்காற்றுக் குழல்கள். எஞ்சினின் சூட்டை முன்பக்கம் கொண்டுபோவதோடு உடலின் விறைப்பையும் இவையே தாங்குகின்றன. மேலே தகடு ஒட்டி பெயின்ட் அடித்து விற்கப்படும் வண்டிகளில் உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. குழலை வெட்டி மாற்றும்போது கதவுகளைப் பொருத்தி இடைவெளி பார்த்தபடி, ஒரு பக்கம் முடிந்தபின் மறு பக்கம் தொடவேண்டும். ஓஸ்னப்ரூக் நகரின் கார்மன் நிறுவனம் செய்த திறந்த கூரை வண்டியாக இருந்தால் உள்ளே குறுக்குக் கம்பி பற்றவைக்காமல் வெட்டுவது வண்டியை வாழைப்பழமாக வளைத்துவிடும். டிங்கரிங் வேலைதான் மீட்டமைப்பில் பணத்தையும் மாதங்களையும் விழுங்குவது.

எஞ்சின்

எஞ்சினை இறக்குவது எளிது. கியர் பெட்டியோடு அதைப் பிணைப்பவை நான்கு போல்ட்டுகள். கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலப்பு உலோகம், இரு பாதியாகப் பிரியும், சிலிண்டர்கள் துடுப்புகள் கொண்ட வார்ப்பிரும்பு, தனித்தனியே கழலும், தலைகள் அலுமினியம். அதிகச் சூடு கண்ட கேஸில் கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் துளைகள் வட்டம் இழக்கும், தலையைப் பிடிக்கும் ஸ்டட்டுகளின் புரி பிடுங்கிக்கொண்டு வரும். துளையை நேர்கோட்டில் கடைந்து பெரிய பேரிங் போடுவதும், புரிக்கு இரும்பு உறை செருகுவதும் லேத் பட்டறை வேலை. கிராங்கின் முன்பின் அசைவு 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் இருக்கவேண்டும், மூன்று மெல்லிய வளையங்களால் அதைச் சரிசெய்வார்கள். பிஸ்டனும் சிலிண்டரும் நான்கு நான்காகச் சேர்த்தே விற்கப்படும். 1600 எஞ்சினுக்கு 85.5 மி.மீ. அளவு. அதே கேஸில் நுழையும் 87 மி.மீ. சிலிண்டர்களின் சுவர் மெல்லியது, சூட்டில் கோணும். மலிவு என்பதற்காக அதை வாங்குவது தவறு.

இந்த எஞ்சினின் உயிர் தகர மூடிகளில் இருக்கிறது. டைனமோ அச்சிலேயே பொருந்திய விசிறி, குளிர்ந்த காற்றை இழுத்து, தகர உறைக்குள் சிலிண்டர்களின் மேல் தள்ளுகிறது. சூடான காற்று கீழே போகவேண்டும், திரும்ப மேலே வரக் கூடாது. அதைத் தடுப்பவை எஞ்சினைச் சுற்றிய தகடுகளும் ஓர ரப்பர் பட்டையும்தான். ஒரு தகட்டை வீசியெறிந்தவரின் எஞ்சின் தன் சூட்டையே திரும்பக் குடிக்கும். வலது அடியில் உள்ள தெர்மோஸ்டாட்டையும் மடல்களையும் வெப்ப நாட்டில் தேவையில்லை என்று கழற்றுவோர் உண்டு. எஞ்சின் சீக்கிரம் சூடேறி ஒழுங்காக ஓட அவை வேண்டும் என்பதால் விட்டுவைப்பதே முறை. விசிறி பெல்ட் அறுந்தால் டைனமோவும் நிற்கும், குளிர்விப்பும் நிற்கும்; சிவப்பு விளக்கு எரிந்த அந்த நொடியே வண்டியை ஓரம் கட்டவேண்டும்.

மூன்றாம் சிலிண்டர் எப்போதும் கூடுதல் சூடு. 1970 வரை ஆயில் கூலர் விசிறி உறைக்குள், அந்த சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டு நின்றது. 1971 மாதிரியில் கூலரைத் தள்ளி வைத்துத் தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். முன்னைய எஞ்சினைக் கட்டும்போது இந்தப் பிந்தைய அமைப்பைப் பொருத்துவது பரவலான, நியாயமான திருத்தம். ஆயில் வெறும் 2.5 லிட்டர், பில்டர் இல்லை, கம்பிவலை மட்டுமே. ஆகவே 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றமும், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.15 மி.மீ. வால்வு இடைவெளியும் தவறக் கூடாது. பாஷ் நிறுவனத்தின் 009 டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கி மாட்டுவது நெடுநாள் பழக்கம். அதில் வேக்குவம் அட்வான்ஸ் இல்லாததால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் திணறும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் பழுதுபார்ப்பதே மேல். பம்பிலிருந்து கார்புரேட்டர் வரும் ரப்பர் பெட்ரோல் குழாயை வண்டி வாங்கிய அன்றே மாற்றவேண்டும்; பின்புறம் தீப்பிடித்த பீட்டில்களில் பல இந்தக் குழாயால் போனவை.

இவ்வேலைகளைத் தாமே செய்யப் பொதுமக்களுக்குத் துணிவு தந்த நூல், ஜான் மியூர் 1969-இல் எழுதிய கையேடு. பீட்டர் ஆஷ்வாண்டனின் கேலிச்சித்திரம் போன்ற படங்களோடு வந்த அது, ஒரு மெக்கானிக்கும் இல்லாத ஊரில் உட்கார்ந்து வால்வு சரிசெய்யக் கற்றுக்கொடுத்தது.

உதிரிபாக மூலங்கள்

மூலத் தொழிற்சாலை உள்ள வுல்ஃப்ஸ்பர்க்கில் பீட்டில் உற்பத்தி 1974-இலும் எம்டன் நகரில் 1978-இலும் நின்றுவிட்டது. பாகங்கள் நிற்காததற்குக் காரணம் லத்தீன் அமெரிக்கா. பிரேசிலில் 1959-இல் தொடங்கிய உற்பத்தி 1986-இல் நின்று, அதிபர் இடாமார் ஃபிராங்கோவின் வற்புறுத்தலால் 1993-இல் மீண்டும் தொடங்கி 1996 வரை நடந்தது. அதே எஞ்சின் பிரேசிலின் கோம்பி வேனில் 2005 டிசம்பர் வரை ஓடியது. ஆகவே பிஸ்டன், தலை, கிராங்க் கேஸ் போன்ற எஞ்சின் பாகங்கள் அங்கே புதிதாகவே வந்துகொண்டிருந்தன. மெக்சிகோவின் கடைசி எஞ்சின்கள் எரிபொருள் ஊசி, ஆயில் பில்டர் எல்லாம் பெற்றவை. 1960-களின் வண்டியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகிறவருக்கு அவை அதிகம் உதவா.

தகரப் பாகங்களில்தான் தரப் பிரச்சினை. மறுபதிப்பாக வரும் மட்கார்டுகளின் தகடு மெல்லியது, முகவிளக்கு வட்டம் ஒத்துவராது, துளைகளை இழுத்துச் சேர்க்கவேண்டும். சிறிது ஒடுங்கிய பழைய ஜெர்மன் மட்கார்டைத் தட்டி நிமிர்த்துவது புதிய மறுபதிப்பைவிட மேலானது என்பதே அனுபவசாலிகளின் தீர்ப்பு. விற்காமல் கிடந்த பழைய இருப்பு கிடைத்தால் விலை பாராமல் வாங்கலாம். அது வருடந்தோறும் குறைகிறது. 6 வோல்ட் காலத்துச் சைகைக் கைகள், முட்டைக் கண்ணாடிக் காலத்து விளக்குகள் போன்றவற்றுக்கு இதைத் தவிர வழி அதிகமில்லை. இடப்பக்கப் போக்குவரத்து உள்ள நாடுகளில் இன்னொரு சிக்கல்: டாஷ்போர்டு, ஸ்டீயரிங் பெட்டி, வைப்பர் அமைப்பு ஆகியவை ஜெர்மன் வண்டியிலிருந்து எடுக்கமுடியாதவை. பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இலங்கை ஆகிய நாடுகளின் கழிக்கப்பட்ட வண்டிகளே அவற்றுக்கு மூலம்.

இன்றைய நிலை

ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து மூலநிலையில் உள்ள கார்களுக்கு 1997 முதல் தனி எண் பலகை தரப்படுகிறது. வுல்ஃப்ஸ்பர்க்கின் ஃபோக்ஸ்வாகன் கிளாசிக் பார்ட்ஸ் பழைய பாகங்களை விற்கிறது. 2019-இல் நிறுவனமே மின்மோட்டார் பொருத்திய பீட்டில் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. இந்தியாவில் 50 ஆண்டு கடந்து மூலநிலை மாறாத வாகனங்களுக்கு 2021-இல் தனிப் பதிவு முறை வந்தது. புதுப் பதிவுக் கட்டணம் ரூ. 20,000, பத்து ஆண்டு செல்லும், வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த அனுமதியில்லை.